வடமாநிலத் தொழிலாளர்களும் செல்போனும் திருப்பூர் வேலையை எப்படி மாற்றின?

கேள்வி: திருப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீட்டில் ஒடிசா, பீகார் பையன்கள் குடியிருக்கிறார்கள். இவர்கள் வந்ததால்தான் உள்ளூர்க்காரருக்கு வேலை இல்லை, கூலி ஏறவில்லை என்கிறார்கள். இன்னொரு பக்கம் மிஷினும் செயலியும் எல்லா வேலையையும் விழுங்கிவிடும் என்கிறார்கள். இதில் எது உண்மை? பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் தம்பி பனியன் கம்பெனிக்குப் போகலாமா, டெலிவரிக்குப் போகலாமா?

பதில்:

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் லைன் வீட்டுப் பையன்கள் யார் வேலையையும் பிடுங்கவில்லை. உள்ளூர் ஆட்கள் விட்டுப்போன இடத்தில்தான் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கூலியை அமுக்கி வைத்திருப்பது கான்ட்ராக்ட் முறை. செல்போனும் செயலியும் ஆளை வேலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதைச் சுலபமாக்கின. ஆனால் வந்த ஆளுக்கு இங்கே என்ன உரிமை என்பதை அவை கொஞ்சமும் சுலபமாக்கவில்லை. பனியன் கம்பெனிகளில் சம்பளக் கணக்கும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) வேலையும் பார்த்தே என் காலம் போனது. அந்த மேஜையிலிருந்து எனக்குத் தெரிந்ததை விரிவாக எழுதுகிறேன்.

திருப்பூரே வெளியூர்க்காரர் கட்டிய ஊர். சுற்றுவட்டார விவசாயக் குடும்பங்கள் முதலாளிகளாக வளர்ந்த காலத்தில் தையலுக்கும் கட்டிங்குக்கும் வந்தவர்கள் திண்டுக்கல், மதுரை, தேனி, புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள். மழை பொய்த்தபோதெல்லாம் தெற்கேயிருந்து பஸ் ஏறி வந்தார்கள். 1984-ல் பஞ்சப்படி, அதாவது விலைவாசி ஏற்றத்துக்கான படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அந்தத் தலைமுறைக்கு இங்கே நிற்கவும் பேரம் பேசவும் தெம்பு இருந்தது. காரணம், அவர்கள் குடும்பத்தோடு வந்து குடியேறினார்கள். ரேஷன் கார்டும் ஓட்டும் இங்கேயே இருந்தன. சங்கத்தில் பேசிய மொழி அவர்கள் வீட்டில் பேசிய மொழி.

அவர்களுடைய பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று பாருங்கள். 2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டில் கல்லூரி வயதில் இருப்போரில் 47 சதவீதம் உயர்கல்வியில் இருந்தார்கள். இந்தியா முழுமைக்கும் அது 28 சதவீதம்தான். ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்து முதுகு வளைந்த அப்பா, மகனைப் பொறியியல் கல்லூரிக்கு அனுப்பினார். அது அவர் உழைப்பின் வெற்றி. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. பிறப்பு விகிதமும் இறங்கிவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகத் தமிழ்நாட்டில் 1.8 குழந்தை, பீகாரில் 3. ஒரு பக்கம் ஆள் குறைகிறது, மறுபக்கம் ஆள் இருக்கிறது, வேலை இல்லை. நடுவில் ரயில் ஓடுகிறது. தன்பாத்தில் புறப்பட்டு ராஞ்சி, ரூர்கேலா வழியாக வந்து சேலம், ஈரோடு, திருப்பூர் என்று ஆலப்புழா வரை போகும் எக்ஸ்பிரஸின் முன்பதிவில்லாப் பெட்டியை ஒரு தடவை பாருங்கள். நான் எழுதும் எந்தப் புள்ளிவிவரத்தையும்விட அது தெளிவாகச் சொல்லும்.

புள்ளிவிவரம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நம் நாட்டில் எத்தனை பேர் வேலைக்காக மாநிலம் தாண்டுகிறார்கள் என்பதற்கு நம்பகமான புதுக் கணக்கு இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உள்நாட்டுக்குள் இடம்பெயர்ந்தவர்கள் 45 கோடிக்கு மேல். ஆனால் அதில் ஏறக்குறைய பாதி திருமணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போன பெண்கள். 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027-க்கு வந்திருக்கிறது. இடையில் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை வேறு வழி தேடியது. ரயில்வேயின் முன்பதிவில்லா டிக்கெட் விவரங்களை வைத்து, 2011 முதல் 2016 வரை ஆண்டுக்குச் சராசரியாக 90 லட்சம் பேர் மாநிலம் விட்டு மாநிலம் போயிருக்கலாம் என்று மதிப்பிட்டது. மனிதனைக் கணக்கெடுக்க அரசு அவன் வாங்கிய டிக்கெட்டை எண்ண வேண்டியிருந்தது.

சரி, செல்போன் வந்து என்ன செய்தது என்பதற்கு வருவோம்.

முன்பெல்லாம் ஆள் பிடிப்பது முழுக்க ஏஜென்ட் கையில். அவன் ஊருக்குப் போய், முன்பணம் கொடுத்து, இருபது முப்பது பேரை ரயிலேற்றிக் கூட்டி வருவான். இங்கே வந்த பிறகுதான் சொன்ன கூலி வேறு, கிடைக்கும் கூலி வேறு என்று தெரியும். திரும்பிப் போகவும் கையில் காசு இருக்காது. இன்று அப்படி ஏமாற்றுவது கஷ்டம். ஒரு கம்பெனியில் சாப்பாடு சரியில்லை, சனிக்கிழமை சம்பளம் இழுத்தடிக்கிறார்கள் என்றால் அன்று இரவே ஜார்கண்டில் இருக்கும் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி போய்விடும். பக்கத்துக் கம்பெனியில் பீஸுக்குப் பத்து பைசா அதிகம் என்று தெரிந்தால் அடுத்த வாரம் நான்கு பேர் அங்கே போய்விடுவார்கள். முதலாளிகள் இதைப் பற்றிப் புலம்புவதை நிறையக் கேட்டிருக்கிறேன். என்னைக் கேட்டால் இது நல்லது. கூலி வேலை செய்பவனுக்கு இருக்கும் ஒரே பேரம், வேறிடம் போக முடியும் என்பதுதான். செல்போன் அதை அவனுக்குக் கொடுத்தது.

பணம் அனுப்புவதும் அப்படித்தான் மாறியது. தபால் மணியார்டருக்கு 5 சதவீதம் கமிஷன் கொடுத்த காலம் உண்டு. நூறு ரூபாய் அனுப்ப ஐந்து ரூபாய். அப்புறம் ஞாயிற்றுக்கிழமையானால் பணம் போடும் மிஷின் முன்னால் வரிசை, இல்லையென்றால் பணம் அனுப்பித் தரும் கடைக்காரருக்கு ஒரு கமிஷன். 2014-ல் ஜன்தன் கணக்கு, 2016-ல் யுபிஐ. இப்போது சனிக்கிழமை ராத்திரி டீக்கடை வாசலில் நின்றபடியே வீட்டுக்குப் பணம் அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததா என்று அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கிறான். கையில் சம்பளக் கவரை வைத்துக்கொண்டு அறையில் தூங்கிய பயம் போய்விட்டது. இதை யாரும் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது.

ஆனால் இதே பணப் பரிமாற்றத்துக்குள் எனக்குக் கவலை தரும் ஒன்று இருக்கிறது. கூலி ஏன் ஏறவில்லை என்ற உங்கள் கேள்விக்கான பதிலும் இதில்தான் இருப்பதாக நினைக்கிறேன்.

திருப்பூரில் சங்கங்களும் உற்பத்தியாளர் அமைப்புகளும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் போடுகிறார்கள். கட்டிங், டெய்லர், அயர்னிங், செக்கிங், பேக்கிங், கைமடி (துணியைக் கையால் மடிப்பது) என்று ஒவ்வொரு பிரிவுக்கும் ஷிப்ட் கூலி, பஞ்சப்படி, உயர்வு எல்லாம் அதில் எழுதியிருக்கும். ஆனால் அது கம்பெனியின் சம்பளப் பட்டியலில் பெயர் இருப்பவருக்கு. ஒரு கம்பெனி தன் தையல் லைனை ஒரு கான்ட்ராக்டரிடம் விட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டீ ஷர்ட்டுக்கு இவ்வளவு என்று கான்ட்ராக்டருக்குக் கம்பெனி கணக்கிலிருந்து மொத்தமாகப் போகும். கம்பெனி புத்தகத்தில் அது ஜாப் ஒர்க் செலவு, அதாவது வேலையை வெளியே கொடுத்து வாங்கிய செலவு. கான்ட்ராக்டர் தன் சொந்தப் போனிலிருந்து முப்பது பேருக்கு யுபிஐயில் பிரித்து அனுப்புவார். ஒவ்வொரு காசும் பதிவாகியிருக்கிறது, எதையும் மறைக்க முடியாது. ஆனாலும் அந்தப் பதிவில் எங்கேயும் கூலி என்ற சொல் இல்லை. ஒரு தனி மனிதர் இன்னொரு தனி மனிதருக்குப் பணம் அனுப்பினார், அவ்வளவுதான். ஒன்றரை ஷிப்ட் பார்த்தாரா, எத்தனை பீஸ் தைத்தார், எந்தக் கம்பெனிக்குத் தைத்தார், எதுவும் அதில் இல்லை. நாளை விரலில் ஊசி ஏறினாலோ, மூன்று வாரக் கூலி நின்றுபோனாலோ, நான் இங்கேதான் வேலை பார்த்தேன் என்று காட்ட அவரிடம் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது.

உள்ளூர்ப் பெண்கள் நிறையப் பேர் செக்கிங்கிலும் கைமடியிலும் இதே கான்ட்ராக்டில்தான் இருக்கிறார்கள். மொழி எதுவானாலும் ஓட்டை ஒன்றுதான். ஒப்பந்தக் கூலி தரும் கம்பெனிக்குப் பக்கத்திலேயே கான்ட்ராக்டில் குறைத்துத் தைத்துத் தரும் யூனிட் இருந்தால், ஆர்டர் எங்கே போகும்? கூலி அமுங்குவது அங்கே. ஒடிசாக்காரன் வந்ததால் கூலி இறங்கியது என்று சொல்பவர்கள், அவன் நேரடிப் பட்டியலில் இருந்தால் ஒப்பந்தக் கூலியைவிடக் குறைவாக அவனுக்குக் கொடுக்க முடியாது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆர்டர் குறையும்போதும் முதல் அடி கான்ட்ராக்ட் ஆட்களுக்குத்தான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள்மீது வரியை 50 சதவீதமாக்கியது. அப்படி ஆர்டர் நிற்கும்போது கான்ட்ராக்ட் ஆளை வேலையைவிட்டு அனுப்ப ஒரு கடிதம்கூடத் தேவையில்லை. போன் பண்ணிக் கூப்பிடாமல் இருந்தால் போதும்.

பட்டியலில் பெயர் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. நான் அதிக நேரம் செலவிட்ட விஷயம் இது என்பதால் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன். பிஎஃப்பில் 2014 முதல் ஒவ்வொருவருக்கும் யுஏஎன் என்று ஒரே எண். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அது கூடவே வர வேண்டும். திட்டம் அருமையான திட்டம். நடைமுறையில் என்ன ஆகிறது? ஒரு பையன் முதலில் ஓசூரில் வேலைக்குச் சேர்கிறான், ஒரு யுஏஎன் வருகிறது. அந்த எண்ணை யாரும் அவனிடம் சொல்வதில்லை. அடுத்து திருப்பூர் வருகிறான். பழைய எண் இருக்கிறதா என்று கேட்டால் தெரியாது என்கிறான். அவன் ஆதாரில் பெயருக்குப் பின்னால் குமார் இருக்கிறது, பழைய பதிவில் குமார் இல்லை. பிறந்த தேதி ஒன்றில் ஜனவரி 1, இன்னொன்றில் பள்ளிச் சான்றிதழில் உள்ள வேறு தேதி. ஆள் ஒருவன்தான், ஆனால் கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். அதனால் இன்னொரு எண் போட்டுவிடுகிறார்கள். பெயரைத் திருத்தலாம் என்றால் ஓடிபி வேண்டும். ஆதாரோடு இணைத்த சிம் ஊரில் வாங்கியது. ரீசார்ஜ் ஆஃபருக்காக அதை எப்போதோ மாற்றிவிட்டான். அந்த எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது.

இதனால் போவது சில ஆயிரம் ரூபாய் பிஎஃப் பணம் மட்டும் என்று நினைக்காதீர்கள். பிஎஃப்போடு சேர்ந்த ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டு சேவை வேண்டும். ஓசூரில் மூன்று, திருப்பூரில் நான்கு, மறுபடி கோயம்புத்தூரில் நான்கு என்று பதினோரு ஆண்டு உழைத்தவனுக்கு, மூன்றும் தனித்தனி எண்ணில் இருந்தால் பத்து ஆண்டு எங்கேயும் வராது. மாதா மாதம் பிடித்தம் நடந்திருக்கும், முதலாளி பங்கும் போயிருக்கும், கிழவனான பிறகு ஓய்வூதியம் மட்டும் இருக்காது. இப்போது முக அடையாளத்தை வைத்து யுஏஎன் எடுக்கும் வசதி அரசின் உமங் செயலியில் வந்திருக்கிறது. இனி சேருகிறவர்களுக்கு இரட்டை எண் குறையும் என்று நம்புகிறேன். ஏற்கெனவே சிதறிக் கிடக்கும் கணக்குகளை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, அவன் மொழியில் பேசி, ஒவ்வொன்றாக இணைத்துக் கொடுக்க வேண்டும். எந்தச் செயலியும் அந்த வேலையைச் செய்யாது.

சட்டம் இல்லாமல் இல்லை. மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர் சட்டம் 1979-லேயே வந்தது. ஐந்து பேரோ அதற்கு மேலோ கூட்டி வரும் கான்ட்ராக்டர் உரிமம் எடுக்க வேண்டும், இடப்பெயர்ச்சிப் படி, பயணப் படி தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. நடைமுறையில் அந்தப் படி வாங்கிய ஒரு தொழிலாளியையும் நான் பார்த்ததில்லை. அந்தச் சட்டம் கான்ட்ராக்டர் கூட்டி வந்த ஆளைத்தான் கணக்கில் எடுத்தது. வாட்ஸ்அப்பில் செய்தி பார்த்துத் தானாக ரயிலேறி வந்தவன் அதற்குள் வரவே மாட்டான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் இந்த ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். தானாக வந்து வேலையில் சேர்ந்தவரும் 18,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் இடம்பெயர்ந்த தொழிலாளி என்ற கணக்கில் வருவார். ஊர் போய்வரப் பயணப் படியும் உண்டு. ஆனால் பழைய சட்டத்தில் ஐந்து பேர் என்றிருந்த வரம்பு இதில் பத்துப் பேராகிவிட்டது. திருப்பூரில் எட்டுப் பேர், ஒன்பது பேர் வேலை பார்க்கும் சின்ன யூனிட்டுகள் சந்துக்குச் சந்து இருக்கின்றன. அவர்கள் என்ன ஆவார்கள் என்பதுதான் என் கவலை.

ரேஷனில் நிலைமை கொஞ்சம் தேவலை. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் 2020 அக்டோபரில் தமிழ்நாடு சேர்ந்தது. பீகார் கார்டு வைத்திருப்பவர் இங்கே கடையில் கைரேகை வைத்துத் தன் பங்கை வாங்கலாம், மீதியை ஊரில் குடும்பம் வாங்கலாம். மத்திய அரசு ஒதுக்கும் தானியம் மட்டும்தான், நம் கார்டுக்குக் கிடைக்கும் பருப்பும் எண்ணெயும் கிடைக்காது. இது இருப்பதே தெரியாதவர்கள் இன்னும் நிறைய. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய இ-ஷ்ரம் பதிவுத் தளத்தில் 30 கோடிக்கு மேற்பட்ட அமைப்புசாராத் தொழிலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் பதிந்தவர் அடுத்த மாதம் ஊர் மாறினால் அது தானாகத் தெரியப்போவதில்லை. ஓட்டுக்கு, இருந்த இடத்திலிருந்தே வாக்களிக்கும் இயந்திரம் ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்டியது. அதற்கு மேல் அது நகரவில்லை. ஓட்டு இல்லாதவனுக்காக எந்த வார்டு கவுன்சிலர் பேசுவார்?

இனி மிஷின். தையலை மிஷின் விழுங்கிவிடும் என்று நீங்கள் பயப்பட வேண்டாம், குறைந்தபட்சம் இப்போதைக்கு. பனியன் துணி இழுத்தால் இழுபடும், வெட்டிய ஓரம் தானாகச் சுருளும். அதை விரலால் நீவி, இரண்டு ஓரத்தையும் சேர்த்து, ஊசிக்கடியில் விட மனிதக் கையைப்போல ஒரு கருவி இன்னும் மலிவு விலையில் வரவில்லை. மாறியிருப்பது தையலுக்கு முன்னும் பின்னும். துணியை விரிப்பதும் வெட்டுவதும் பெரிய கம்பெனிகளில் கம்ப்யூட்டர் கட்டரிடம் போய்விட்டது. பேட்டர்ன் கம்ப்யூட்டரில் போடுகிறார்கள். நூலைத் தானே நறுக்கும் மிஷின் வந்த பிறகு நூல் வெட்ட உட்கார்ந்திருந்த பெண்களுக்கு வேலை குறைந்தது. நாற்பது வயது தாண்டிய உள்ளூர்ப் பெண்கள்தான் அவர்களில் அதிகம். மிஷினால் இங்கே அடிபட்டவர்கள் என்றால் முதலில் அவர்கள்தான். ஆனால் வேலை பறிபோவதைப் பற்றிப் பேசும் யாரும் அவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு அது மிகவும் வருத்தம்.

இன்னொரு மாற்றம், கண்காணிப்பு. புதிய லைன்களில் ஒவ்வொரு கட்டுத் துணிக்கும் ஒரு அட்டை, ஒவ்வொரு மிஷினிலும் ஒரு சின்னத் திரை. டெய்லர் கட்டை முடித்ததும் அட்டையைக் காட்ட வேண்டும். ஒரு மணி நேரத்தில் எத்தனை பீஸ், எத்தனை டேமேஜ், எத்தனை நிமிடம் மிஷின் சும்மா இருந்தது என்று மேனேஜர் அறையில் தெரியும். இதில் நல்லதும் உண்டு. முன்பு சூப்பர்வைசர் நோட்டில் எழுதும் பீஸ் கணக்கில் சனிக்கிழமை தோறும் சண்டை வரும், எழுதப் படிக்கத் தெரியாதவர் தோற்றுப்போவார். இப்போது எண்ணிக்கை திரையிலேயே இருக்கிறது. ஆனால் அந்தத் திரையில் இருப்பதைத் தொழிலாளி ஒரு பிரதி எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள முடியாது. மேனேஜர் தன் தேவைக்குப் பார்க்கும் அதே கணக்கைச் சம்பள ரசீதில் அச்சடித்துக் கொடுப்பதற்கு எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை. இந்தியிலும் ஒடியாவிலும்கூட அச்சடிக்கலாம். கேட்பதற்கு ஆள் இல்லாததால் நடக்கவில்லை. சங்கங்கள் அடுத்த கூலி ஒப்பந்தத்தில் இதை ஒரு கோரிக்கையாக வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லி வருகிறேன்.

டெலிவரி வேலைக்கு வருகிறேன். நிதி ஆயோக் 2022-ல் வெளியிட்ட அறிக்கை, 2020-21-ல் இந்தியாவில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள் (டெலிவரி போல, நிரந்தர வேலை இல்லாமல் ஒவ்வொரு வேலைக்கும் தனியாகக் காசு வாங்குபவர்கள்) இருந்ததாகவும் 2029-30-க்குள் அது 2.35 கோடியாகும் என்றும் மதிப்பிட்டது. திருப்பூரிலும் மிஷினில் உட்கார விரும்பாத உள்ளூர் இளைஞர்கள் நிறையப் பேர் பைக்கில் ஏறிவிட்டார்கள். காரணம் எனக்குப் புரிகிறது. யாரும் தலைக்கு மேல் நின்று கத்த மாட்டார்கள், வேண்டும்போது லாக் இன் பண்ணலாம், பணம் உடனுக்குடன் தெரியும். முன்பு இந்த வேலைக்கு உள்ளூர்க்காரனுக்கு ஒரு அனுகூலமும் இருந்தது. சந்து பொந்து தெரியும், வாடிக்கையாளரிடம் தமிழில் வழி கேட்கலாம். மேப் வந்த பிறகு அந்த அனுகூலம் போய்விட்டது. சென்னையில் அசாம், பீகார் பையன்கள் மேப்பை மட்டும் நம்பி எந்தத் தெருவுக்கும் சாப்பாடு கொண்டுபோகிறார்கள். ஊர் தெரிந்திருப்பதற்கு இருந்த மதிப்பை ஒரு செயலி இல்லாமல் செய்துவிட்டது. கூடவே, லைசென்ஸ் இல்லாதவர் வேறொருவர் ஐடியில் வண்டி ஓட்டுவதும் நடக்கிறது. அப்படி ஓட்டுபவருக்கு விபத்து நேர்ந்தால் காப்பீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டில் பத்திரமாக இருப்பார். அடிபட்டவருக்கு எதுவும் கிடைக்காது.

இதற்கும் கான்ட்ராக்ட் தையலுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. மேலே ஆர்டர் கொடுப்பவர், நான் முதலாளி இல்லை என்கிறார். எல்லாம் பதிவாகிறது, ஆனால் பதிவு அவரிடம். ரேட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ஐடியை எப்போது வேண்டுமானாலும் முடக்கலாம். ஒன்று மட்டும் வேறு. கிக் தொழிலாளிகளில் பலருக்கு வேலை பார்க்கும் ஊரிலேயே ஓட்டு இருக்கிறது, அதனால் அரசுகள் வேகமாக அசைகின்றன. ராஜஸ்தான் 2023-ல் நாட்டிலேயே முதல் கிக் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு தமிழ்நாடு அவர்களுக்கு நல வாரியம் அமைத்தது. சென்னை மாநகராட்சி டெலிவரி ஆட்கள் உட்கார ஏசி ஓய்வறை கட்டிக்கொடுத்தது. புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின்படி செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை தொழிலாளர் நிதிக்குத் தர வேண்டும், அந்தத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டாமல். 1979 முதல் சட்டம் வைத்துக்கொண்டு இடம்பெயர்ந்தவருக்கு எதுவும் செய்யாதவர்கள், சில ஆண்டுகளில் டெலிவரி ஆட்களுக்கு இவ்வளவு செய்திருக்கிறார்கள். செய்ய முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

செல்போன் செய்த ஒரு கெடுதலையும் சொல்லாமல் விடக் கூடாது. 2023 மார்ச்சில், ஹோலிக்குக் கொஞ்சம் முன்னால், தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவின. வேறெங்கோ, வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகளின் காட்சிகள் அவை. பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பி விசாரித்தது. அப்படி எதுவும் இல்லை என்று நம் காவல்துறை இந்தியில் அறிவிக்க வேண்டியிருந்தது. அதற்குள் ஊரிலிருந்து அம்மாக்கள் அழுதுகொண்டே போன் செய்து, உடனே கிளம்பி வா என்றார்கள். பையன்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்கள். கூலி எங்கே அதிகம் என்று சொல்லும் அதே வாட்ஸ்அப் குரூப்புதான் இதையும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அன்று ஆட்களைத் தடுத்து நிறுத்தியது அறிவிப்புகள் மட்டுமல்ல. வீட்டு உரிமையாளர்களும் மளிகைக் கடைக்காரர்களும், நீங்கள் எங்கேயும் போக வேண்டாம், நாங்கள் இருக்கிறோம் என்று நேரில் சொன்னதுதான் பலரை நிறுத்தியது. 2020 மார்ச் ஊரடங்கில் இப்படிச் சொல்ல ஆளில்லாமல்தான் எத்தனையோ பேர் நடந்தே கிளம்பினார்கள். அவர்களை ஊருக்கு ஏற்றிச் செல்லும் முதல் ஷ்ரமிக் சிறப்பு ரயில் மே 1-ஆம் தேதிதான் ஓடியது.

இனி உங்கள் தம்பி. பனியன் கம்பெனிக்குப் போவதென்றால் ஹெல்பராகப் போக வேண்டாம், அந்த வேலைகள்தான் முதலில் போகும். மிஷின் மெக்கானிக், பேட்டர்ன் கம்ப்யூட்டர், தர ஆய்வு, மெர்ச்சண்டைசிங் (வாங்குபவரோடு பேசி ஆர்டரை நடத்தும் வேலை) இதில் ஒன்றைக் கற்கச் சொல்லுங்கள். ஓவர்லாக், பிளாட்லாக் மிஷின்களைப் பிரித்துப் பொருத்தத் தெரிந்த ஆளுக்கு இந்த ஊரில் எப்போதும் தட்டுப்பாடு. கூடவே கொஞ்சம் இந்தி பேசக் கற்றுக்கொள்ளட்டும். இன்றைக்குத் தையல் லைனில் சூப்பர்வைசர் ஆக வேண்டுமென்றால் அது வேண்டும். எந்தக் கம்பெனியானாலும் சேர்ந்த முதல் மாதமே யுஏஎன் எண்ணையும் இஎஸ்ஐ எண்ணையும் கேட்டு வாங்கி எழுதி வைக்கச் சொல்லுங்கள். சம்பளம் கம்பெனி பெயரிலிருந்து கணக்கில் ஏறுகிறதா, யாரோ ஒருவர் பெயரிலிருந்து ஏறுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். டெலிவரிக்குப் போனால் தப்பில்லை. ஆனால் சொந்த ஐடி, சொந்த லைசென்ஸ், நல வாரியப் பதிவு மூன்றும் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்ட வேண்டாம். பெட்ரோல், டயர், வண்டித் தவணை எல்லாம் கழித்து மாதம் எவ்வளவு நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு, ஓவர்லாக் டெய்லரின் மாதக் கூலியோடு ஒப்பிடட்டும்.

லைன் வீட்டுப் பையன்களுக்கும் உங்களால் ஆகக்கூடியது இருக்கிறது. அவர்கள் ஊர் ரேஷன் கார்டு எண்ணை எடுத்துக்கொண்டு உங்கள் தெருக் கடைக்கு ஒருநாள் கூட்டிப் போங்கள். ஒருமுறை கைரேகை வேலை செய்துவிட்டால் அடுத்த மாதம் அவர்களே போவார்கள். காஸுக்கு முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டையை மட்டும் காட்டி வாங்கும் 5 கிலோ சிலிண்டர் உண்டு. அது தெரியாமல்தான் பலர் கள்ள மார்க்கெட்டில் அதிக விலைக்கு நிரப்புகிறார்கள். ஆதாரில் இப்போது பயன்படுத்தும் போன் நம்பரைச் சேர்க்க அஞ்சலகத்திலோ ஆதார் மையத்திலோ ஒரு நடை போய்வந்தால் போதும். லீவு கிடைப்பது ஞாயிறு மட்டும் என்பதால்தான் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். அதனால் கம்பெனியில் பேசி ஒரு வேலைநாளில் அரை ஷிப்ட் அனுமதி வாங்கிக் கொடுத்துவிட்டால், பிஎஃப் சிக்கல் பாதி அங்கேயே தீரும். மீதியை அவர்கள் வேலை பார்க்கும் கம்பெனியின் சம்பளப் பிரிவில் கேட்கட்டும், திருத்தம் போட்டுக் கொடுப்பது அவர்கள் பொறுப்பு. முடியாது என்றால் பிஎஃப் அலுவலகத்தில் மாதம் ஒருமுறை குறைதீர் முகாம் நடக்கிறது, பழைய கம்பெனி அடையாள அட்டை ஏதாவது இருந்தால் மறக்காமல் அதையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.